ஸாப்ஃபினோவின் நீண்ட வால்கள்

ஒரு சொல்லில் ‘எஃப்’ இரண்டு அடுத்தடுத்து வந்தால், கையால் எழுதுபவர் இரண்டையும் ஒன்றுபோல எழுதமாட்டார். முதல் வால் எங்கே போய் முடிந்தது என்று பார்த்துத்தான் அடுத்த வளைவைத் தொடங்குவார். கையெழுத்துச் சாயலில் அமைந்த எழுத்துருக்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஒரே சுழிப்பு பத்துமுறை திரும்பி வந்தால் வேடம் கலைந்துவிடுகிறது.

ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டு மனத்தில் சுமந்தவர். 1944இல் தம் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்த வனப்பெழுத்துதான் 1998இல் லைனோடைப் நிறுவனம் வெளியிட்ட ஸாப்ஃபினோ எழுத்துருவுக்கு மூலம். இடையில் ஈய அச்சில் செய்துபார்த்த முயற்சி அவர் கைவீச்சுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தும் செவ்வகக் கட்டைமேல் அமர வேண்டும்; கட்டைக்கு வெளியே நீளும் மெல்லிய வால் எளிதில் ஒடிந்துபோகும். கணினியில் அந்தக் கட்டை இல்லை.

ஸாப்ஃபினோவில் நான் மிகவும் மதிப்பது அதன் பன்மையை. ஓர் எழுத்துக்கே பல வடிவங்கள். பக்கத்தில் எது நிற்கிறதோ அதற்கேற்ப வடிவம் மாறும். ஆப்பிள் கணினியில் ‘ஸாப்ஃபினோ’ என்ற பெயரையே இந்த எழுத்துருவில் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். கடைசி எழுத்து விழுந்ததும் சொல் முழுவதும் ஒரே கோலமாகப் பிணைந்துகொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

ஆனால் மென்பொருள் பார்ப்பது அக்கம்பக்கத்து எழுத்துகளை மட்டுமே. மேல்வரியிலிருந்து இறங்கும் வால் கீழ்வரியின் தலையில் மோதுவதை அது அறியாது. அதனால்தான் இந்த எழுத்துருவுக்கு அவ்வளவு அகன்ற வரி இடைவெளி. இடம் வீணாகிறதே என்று அதைக் குறைப்பவர்கள் சிக்குண்ட நூல்கண்டைத்தான் பெறுகிறார்கள். சொல் முழுவதையும் பெரிய எழுத்தில் அமைப்பது இன்னும் கொடுமை: ஒவ்வொன்றும் தனியே வீசி ஆட இடம் கேட்கும் எழுத்துகள், தோளோடு தோள் இடித்து நிற்கும், சொல்லைப் படிக்கவே முடியாது.

இதைவிடப் பெரிய குறை எழுத்துருவுக்குள் இல்லை. அது கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. மேக் கணினிகளுடன் கூடவே வருவதால் திருமண அழைப்பிதழ், சான்றிதழ், அழகுநிலையப் பலகை என எங்கும் அது பரவிவிட்டது. கணினி முதலில் காட்டும் வடிவத்தையே எல்லாரும் ஏற்கிறார்கள். ஸாப்ஃப் பாடுபட்டு விலக்கிய ஒரேமாதிரித்தன்மை, இப்போது அழைப்பிதழுக்கு அழைப்பிதழ் திரும்பி வருகிறது. 2003இல் எழுத்துரு வடிவமைப்பாளர் அகிரா கொபயாஷியுடன் சேர்ந்து அவர் விரிவாக்கிய பதிப்பில் வடிவங்கள் இன்னும் கூடின. வடிவம் கூடக்கூட, தேர்ந்தெடுக்கும் கண்ணுக்கு வேலையும் கூடுகிறது. அந்த வேலையை எந்த மென்பொருளும் முழுதாகச் செய்துதராது.

ஆகவே ஒரு பெயர், மிஞ்சினால் ஒரு வரி, சுற்றிலும் தாராளமான வெற்றிடம்: இந்த அளவில் ஸாப்ஃபினோவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், அதுவும் மாற்று வடிவங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்த பிறகு. அழைப்பிதழில் அதற்குக் கீழே வரும் தேதிக்கும் முகவரிக்கும் அதே ஸாப்ஃப் வரைந்த ஆப்டிமா எழுத்துரு இருக்கிறது.