உகுத்தல்

புறநானூற்றின் 232ஆம் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், நடுகல்லுக்குக் கள் வார்ப்பதை 'லிபேஷன்' என்று போட்டிருந்தார். தமிழ்க் குறிப்பில் அதுவே 'தர்ப்பணம்' ஆகியிருந்தது. இரண்டுமே பாட்டைக் கொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

'லிபேஷன்', லத்தீன் 'லிபாரே'யிலிருந்து வருவது. லேசாகத் தொடுவது, சிறிது சுவைப்பது, சிறிது ஊற்றுவது எல்லாம் அதன் பொருள்கள். கிரேக்கர்கள் தேவர்களுக்கு ஊற்றுவதை 'ஸ்பொண்டே' என்றார்கள். அச்சொல்லின் பன்மைக்குப் போர்நிறுத்த உடன்படிக்கை என்றும் பொருள் உண்டு. ஊற்றுகிறவனுக்கும் பெறுகிறவனுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். 'தர்ப்பண'த்தின் வேர் இன்னும் ஒருபடி மேலே போகிறது. திருப்தி என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். எள்ளும் நீரும் விழுமுன்பே, பெறுபவர் திருப்தியடைந்துவிட்டதாகப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஔவை ஆளும் சொல் உகுத்தல். கண்ணீர் உகுக்கிறோம். சிந்துவது, உதிர்ப்பது. இச்சொல்லில் கையிலிருந்து ஒன்று விழுவது மட்டுமே இருக்கிறது. வாங்கிக்கொள்பவன் இல்லை.

மற்றப் பாட்டுகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். புறம் 329இல் நடுகல்லுக்குப் பலி ஊட்டுகிறார்கள். அகம் 35இல் தோப்பிக் கள்ளோடு ஆட்டைப் பலி கொடுக்கிறார்கள். ஊட்டினால் உண்ண ஒருவன் வேண்டும். கொடுத்தால் கொள்ள ஒருவன் வேண்டும். ஆனால் புறம் 335, நெல்லுக்கும் 'உகுத்து' என்றே சொல்கிறது. அங்கே சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. கல்லைத் தவிர வேறு கடவுளே இல்லை என்கிறது அது. ஆகவே உகுத்தல் சடங்கில் புழங்கிய சொல்தான். ஔவையின் கண்டுபிடிப்பு அல்ல. அவர் செய்தது, அதன் பக்கத்தில் 'கொள்வானா?' என்ற கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது. சொல்லுக்குள் இருந்த வெற்றிடம் அப்போதுதான் தெரிகிறது.

மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நாரில் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் உகுத்தால் வாங்கிக்கொள்வானா என்பது கேள்வி. இதில் 'சிறு' என்பதை உரைகள் சும்மா கடந்துபோகின்றன. 235ஆம் பாட்டை நினைவில் கொள்ள வேண்டும். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அஞ்சி அதைத் தான் குடிப்பதில்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவான். கொஞ்சக் கள் என்றைக்குமே அவனுடையதல்ல. இப்போது அந்தக் கொஞ்சத்தை அவனுக்கே வைக்கிறார்கள். உயிரோடிருந்தால் ஔவை பக்கம் தள்ளியிருப்பான். கையறுநிலை என்று துறை எழுதி மூடிவிடுவது சுலபம். கொடுத்தவன் கல்லாகி, வாங்கியவள் கொடுக்கவேண்டி வந்த அவலம் அந்தச் சிறு கலத்தில் இருக்கிறது.

அஞ்சியின் தகடூர்தான் நான் வேலைபார்க்கும் தருமபுரி. இங்கே அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. சங்கப் பாட்டுகளுக்குப் பிற்பட்டவை. இப்பகுதிக் கற்கள் பலவற்றில் வீரனின் காலருகே ஒரு கெண்டி செதுக்கப்பட்டிருக்கிறது. ஊர்ப்புறத்தில் இன்னும் சில கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலும் படையலும் பெறுகின்றன. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இம்மண்ணில்தான் 1937இல் மதுவிலக்கு தொடங்கியது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை 1987 முதல் நீடிக்கிறது. ஔவையின் கலத்தில் இன்று சட்டப்படி கள் இருக்க முடியாது.

கள் போனாலும் கேள்வி போகவில்லை. என் தகப்பனார் இறந்த மூன்றாம் நாள் சுடுகாட்டில் பால் ஊற்றினேன். சாம்பல் அதை உறிஞ்சியது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிரோடிருந்தவரை என் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய் வாங்காதவர் அவர். கொண்டாரா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சடங்கு நின்றிருக்கும். ஔவை கேட்கிறார். ஆனால் கள்ளை உகுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கையும் மறுப்பும் ஆகாத இந்த நிலையைத்தான், பழம்பாடல்களைப் பண்பாட்டு ஆவணமாக மட்டும் படிக்கிறவர்கள் தவறவிடுகிறார்கள்.

நண்பருக்கு எழுதிவிட்டேன்: லிபேஷனை அடித்துவிடுங்கள். சிந்துவதற்கு ஆங்கிலத்திலும் ஒரு வீட்டுச் சொல் இருக்கிறது, அது போதும்.