வாட்சன் கோமாளி இல்லை
1954-ல் பிரான்சில் படமாக்கி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர், மொத்தம் 39 பகுதிகள், இப்போ இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்குது. பிரதிதான் கொஞ்சம் மங்கல்.

துப்பறியும் சாமர்த்தியத்துக்காகப் பார்த்தால் ஏமாற்றம்தான். அரைமணிக்குள் முடிச்சைப் போட்டு அவிழ்க்கணும். தடயத்தை வைத்து நாம யோசிக்க நேரமே இல்லை. கதைகளும் பெரும்பாலும் டாயில் எழுதியவை அல்ல.

ஆனா வாட்சனைப் பாருங்க. முந்தைய படங்களில் நைஜல் புரூஸ் அவரைக் கோமாளியாக்கியிருந்தார். இங்கே ஹோவர்ட் மாரியன் கிராஃபோர்ட் நடிக்கும் வாட்சன் விவரமான மருத்துவர். ரொனால்ட் ஹோவர்டின் ஹோம்ஸும் சிரிக்கத் தெரிந்த மனுஷர். மர்மம் சப்பென்று முடியும் பகுதியைக்கூட இவர்களுடைய நட்பு தாங்கிவிடுகிறது. இருவரும் முதன்முதலாகச் சந்திப்பது முதல் பகுதியில், அங்கிருந்தே ஆரம்பிங்க.