நாம், நாங்கள், மாரியம்மா

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. முதலாவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது இலக்கணம். உளப்படுத்துவது என்றால் உள்ளே சேர்த்துக்கொள்வது. ஆனால் சேர்த்துக்கொள்ளும் உரிமை எப்போதும் பேசுபவரிடமே இருக்கிறது. சேர்க்கப்படுபவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லவில்லை. பாமாவின் ‘சங்கதி’யை (1994) வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிக்கல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

என்னிடம் படிக்கும் பெண்களில் பலர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். “எங்க ஊர்ல வித்தியாசமே கிடையாது மேடம்” என்பார்கள். வில்லியனூர்ப் பெண்கள் சான்றும் தருவார்கள்: திருக்காமீசுவரர் கோயில் தேர், லூர்து மாதா திருவிழா, சுல்தான்பேட்டைப் பள்ளிவாசல். எல்லாம் உண்மைதான். ஆனால் வீடு எங்கே என்று கேட்டால் ஒருத்தி “ஊர்ல” என்பாள், இன்னொருத்தி தயங்கி “காலனி” என்பாள். புதுச்சேரி என்ற பெயரிலேயே சேரி இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பிராமணக் குடியிருப்பின் பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். மாநிலத்தின் பெயரில் வந்தால் பெருமையாக இருக்கும் சொல், வீட்டு முகவரியில் வந்தால் தலையைக் குனிய வைக்கிறது. மதங்களின் பன்மையைக் கொண்டாடும் ஊர், சாதியின் எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட முடிகிறது.

‘சங்கதி’யில் தனி நாயகி கிடையாது. பாட்டி சொல்வதும் பேத்தி பார்ப்பதும் தெருவில் அடிபடும் பேச்சுமாகப் பல பெண்களின் கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று மாரியம்மாவின் கதை. விறகு பொறுக்கப் போன பெண் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் பம்புசெட் பக்கம் ஒதுங்குகிறாள். நிலக்காரன் அவளைப் பிடித்து இழுக்கிறான். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்தவன் முந்திக்கொண்டு போய் மாணிக்கம் என்ற இளைஞனோடு அவளைச் சேர்த்துப் பழி சொல்கிறான். அவளுடைய சாதி ஆண்களே பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். பேச வாயெடுத்த பெண்கள் அதட்டி அடக்கப்படுகிறார்கள். மாரியம்மாவுக்குப் போடும் அபராதம் மாணிக்கத்துக்குப் போடுவதைப் போல இரு மடங்கு.

பாகூர்ப் பக்கத்துப் பெண்களுக்குப் பம்புசெட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் வகுப்பில் எப்போதும் ஒரு குரல் எழும்: “நாம எல்லாருமே இப்படித்தானே மேடம் கஷ்டப்படறோம்.” அந்த இரக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. அந்த ‘நாம’வின் அவசரம்தான் உறுத்துகிறது. நிலக்காரன் வீட்டிலும் பெண்கள் உண்டு. அவர்களுக்கும் துன்பம் உண்டு. ஆனால் அவர்கள் தாகத்துக்கு இன்னொருவர் பம்புசெட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘பெண்கள் நாம்’ என்ற சொல்லில் நிலம் மறைந்துவிடுகிறது. ‘நம்ம சனம்’ என்ற சொல்லில் அபராதத்தின் கணக்கு மறைந்துவிடுகிறது. இரண்டு ‘நாம்’களும் மாரியம்மாவைக் கைவிடுகின்றன. பாமாவின் எழுத்துக்கு வலு இங்கிருந்துதான் வருகிறது. எதிரியைக் காட்டிவிட்டு அவர் நின்றுவிடுவதில்லை, தம்முடையவர்களின் பஞ்சாயத்தையும் பதிவு செய்கிறார். இந்தப் பெண்கள் அழுகிறார்கள், ஏசுகிறார்கள், பாட்டுக் கட்டிச் சிரிக்கவும் செய்கிறார்கள். இரக்கத்தோடு மட்டும் வாசிப்பவர்கள் அந்தச் சிரிப்பைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2021 ஆகஸ்டில் நடந்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகள் நீக்கப்பட்டு, பண்டித ரமாபாய் சேர்க்கப்பட்டார். ரமாபாய் முன்னோடி, அவரைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பெண்ணுக்குப் பதில் பெண் வந்துவிட்டாள் என்று கணக்குக் காட்டினால், தலித் பெண்கள் வெளியேறியது கணக்கில் தெரியாமல் போகிறது.

இது பாடத்திட்டத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். இடஒதுக்கீட்டால் பெண்களும் தலித் பெண்களும் கிராமப் பஞ்சாயத்துகளில் உறுப்பினராகவும் தலைவராகவும் வந்தார்கள். பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் அதிகாரிகளின் நிர்வாகத்தில் கழிந்தன. என் மாணவிகளில் பலருக்குப் பஞ்சாயத்துத் தலைவியாக ஒரு பெண்ணைப் பார்த்த நினைவே இல்லை. மாரியம்மாவின் பஞ்சாயத்தில் பெண்ணைப் பேசவிடவில்லை. இங்கே சட்டம் போட்டுத் தந்த நாற்காலியே காலியாகக் கிடந்தது.

ஆகவே ‘சங்கதி’யைப் பாடமாக வைத்ததோடு உளப்படுத்திவிட்டோம் என்று நினைக்க எனக்கு மனமில்லை. வகுப்பில் நான் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கதையை வாசித்ததும் ‘நாம’ என்று தொடங்க வேண்டாம், காலனியிலிருந்து வரும் பெண் ‘நாங்க’ என்று சொல்ல விரும்பினால் அவள் முடிக்கும்வரை கேட்டிருங்கள். அவள் பேசாமல் இருக்க விரும்பினால் அதுவும் அவள் உரிமை. ‘நாம்’ என்று எப்போது சொல்லலாம் என்பதை அவள் முடிவு செய்யட்டும்.