மூன்று பேர் குழு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏதாவதொரு கிராமப்புறக் கவுண்டியின், அதாவது மாநிலத்துக்கு அடுத்த உள்ளாட்சி அலகின், குழுக் கூட்டப் பொருள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். படிக்கவே சலிப்பாக இருக்கும். சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்புக்கு ஒப்புதல். பில்களுக்கு ஒப்புதல். இன்ஜினியரின் அறிக்கை. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு பாருக்கு மது உரிமம். சாலையோரம் கேபிள் புதைக்க ஒரு கம்பெனிக்கு அனுமதி. முன்மொழிந்தார், வழிமொழிந்தார், ஏகமனதாக நிறைவேறியது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மூன்று பேரும் எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றே பேர். பெரும்பாலான கிராமப்புறக் கவுண்டிகளில் குழு என்றால் அவ்வளவுதான். சட்டம் மூன்று அல்லது ஐந்து என்று இரண்டு வழி கொடுக்கிறது. அயோவாவில் 99 கவுண்டிகள். பல கவுண்டிகள் பக்கத்துக்கு 24 மைல் வைத்துக் கட்டம் போட்டது போல இருக்கும். பரப்பில் நம்மூர் வட்டங்கள் பலவற்றைவிடப் பெரியவை, மக்கள்தொகையில் அப்படியல்ல. 2020 கணக்கெடுப்பில் ஆடம்ஸ் கவுண்டியில் 3,704 பேர்தான். நம் பக்கம் ஒரு பெரிய ஊராட்சியிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். தலைநகர் டெமாயின் அடங்கிய போல்க் கவுண்டியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். இரண்டுக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றே. நான்காண்டுப் பதவிக்குக் கட்சிச் சின்னத்தோடு போட்டியிட்டு வரும் இந்த உறுப்பினர்களுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். கூட்டத்தின் எழுத்தர், கவுண்டி ஆடிட்டர்; தேர்தலை நடத்துவதும் அவர்தான். ஆடிட்டர், ட்ரெஷரர், ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் எல்லோருமே மக்கள் வாக்கில் வந்தவர்கள். அவர்களுடைய பட்ஜெட்டைக் குழு வெட்டலாம். இந்த வேலையை இப்படிச் செய் என்று உத்தரவிட முடியாது.

இந்தச் சலிப்பூட்டும் பட்டியலை நான் மட்டமாக நினைக்கவில்லை. பில் ஒப்புதலையே எடுத்துக்கொள்வோம். எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகை என்ற பட்டியல் கூட்ட நடவடிக்கைகளோடு உள்ளூர்ப் பத்திரிகையில் அச்சாக வேண்டும் என்பது சட்டம். சாலையைச் சமன்படுத்தும் கிரேடருக்கு வாங்கிய டயர் முதல் சிறைக்கைதிகளின் சாப்பாடு வரை அதில் இருக்கும். தகவல் உரிமை மனு எழுதி, முப்பது நாள் காத்திருந்து, மேல்முறையீட்டுக்கும் போய்ப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். அதில் ஒரு கோணலும் உண்டு. எந்தப் பத்திரிகை 'அதிகாரபூர்வப் பத்திரிகை' என்று ஆண்டுதோறும் ஜனவரியில் தேர்ந்தெடுப்பது அதே குழு. சின்ன ஊர்ப் பத்திரிகைக்கு அந்த விளம்பரக் கட்டணம் சின்னத் தொகை அல்ல. தன்னைக் கண்காணிக்க வேண்டியவருக்குக் குழுவே படியளக்கிறது.

சாலைக்கு வருவோம், கவுண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அயோவாவில் ஏறத்தாழ 90,000 மைல் சாலை கவுண்டிகளின் பொறுப்பு. பெரும்பகுதி சரளை. பனி உருகும் மாதங்களில் அது சேறாகும். அறுவடைக் காலத்தில் சோள வண்டிகள் ஏறி மேடுபள்ளமாகும். பல சாலைகள் இன்று ஓரிரு குடும்பங்களுக்காக மட்டும் இருக்கின்றன என்றால் மிகையாகாது. பண்ணைகள் பெரிதாகிப் பண்ணை வீடுகள் குறைந்துவிட்டன. கட்டம் கட்டமாகப் போட்ட சாலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. எல்லாவற்றையும் பராமரிக்கப் பணம் போதாது. அதனால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: ஒரு சாலையை 'லெவல் பி' என்று தரம் இறக்கலாம். அதன் முனையில் 'உங்கள் பொறுப்பில் நுழையவும்' என்று பலகை நிற்கும். அதன்பின் அங்கே பனி அள்ள வேண்டியதில்லை. வண்டி புதைந்தால் கவுண்டி பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்தத் தரம் இறக்கும் தீர்மானம் வரும் நாளில்தான் நடைமுறையின் அருமை தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தேவாலயத்தில் வாரவாரம் பார்க்கும் ஆள். வயல்காரர் எழுந்து, அந்த வழியாகத்தான் தன் விதைப்பு இயந்திரம் போகிறது என்பார். இன்ஜினியர் செலவுக் கணக்கைச் சொல்வார். பள்ளிப் பேருந்து எந்த வழியாகத் திரும்பும் என்ற கேள்வி வரும். மாநிலத் தலைநகரில் யாரும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. இங்கே முடிவு எடுப்பவர், அந்த முடிவின் சேற்றில் மறுநாள் தன் வண்டியையே ஓட்ட வேண்டியிருக்கும். சிறிய ஆட்சி அமைப்புகளைப் புகழ்பவர்கள் சொல்வதில் இந்தளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த 'ஏகமனதாக' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. மூன்று பேர், வாரம் ஒரு கூட்டம், ஆண்டு முழுக்க ஏகமனது. இவர்கள் எங்கே, எப்போது ஒருவரோடொருவர் முரண்பட்டுப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்?

மூவர் குழுவில் இருவர் சேர்ந்தால் பெரும்பான்மை. பெரும்பான்மை கூடிக் கொள்கை விஷயம் பேசினால் அது சட்டப்படி 'கூட்டம்'. 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு ஒட்ட வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். ஆக, ஒரே வண்டியில் பாலத்தைப் பார்க்கப் போகும் இரண்டு சூப்பர்வைசர்கள் அந்தப் பாலத்தை இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று வாய் திறந்தாலே சட்டமீறல். வானிலை பேசலாம், பேரன் விளையாடிய கூடைப்பந்து பேசலாம். நல்ல நோக்கத்தில் எழுதிய சட்டம்தான். ஆனால் ஐந்து பேர் குழுவில் இருவர் காபி குடித்துக்கொண்டே ஒரு யோசனையை அரைகுறையாக உருட்டிப் பார்க்க முடியும். மூவர் குழுவில் அரைகுறை யோசனைக்கு இடமே இல்லை. எல்லாமே ஒலிவாங்கி முன்னால் பிறந்தாக வேண்டும். யாருக்கு அதற்குத் துணிவு வரும்? அதனால் கூட்டத்தில் பேச்சு சுருங்குகிறது. உண்மையான பேச்சு இடைத்தரகர் வழியே போகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. வாரன் கவுண்டியில் 2014-இல் மூன்று சூப்பர்வைசர்கள் அலுவலகப் பணியிடங்களைக் குறைத்து மாற்றி அமைத்தார்கள். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசவே இல்லை. கவுண்டி நிர்வாகி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் வந்தார். அவர் வாய்வழியே மூவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வேலை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம், பெரும்பான்மை எங்கும் கூடவில்லையே, எப்படிக் கூட்டம் ஆகும் என்றது. 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: உறுப்பினர் நேரில் வராவிட்டாலும் தன் சார்பில் ஒருவரை அனுப்பிப் பேசினால் அதுவும் கூடியதாகவே கொள்ளலாம் என்று சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. தீர்ப்பு சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அது ஓட்டையை அடைத்ததே தவிர, ஓட்டை ஏன் விழுந்தது என்பதைத் தொடவில்லை. மூன்று பேருக்குப் பேச வேறு வழி இல்லாததால்தான் தூதர் தேவைப்பட்டார்.

பொதுமக்கள் பேச ஒதுக்கும் சில நிமிடங்களுக்கும் இதே கதிதான். பட்டியலில் இல்லாத பொருளில் குழு முடிவெடுக்கக் கூடாது. ஆகவே குமுறலோடு வருபவர் எதிரே மூன்று கல் முகங்களைப் பார்க்கிறார். அவர்கள் திமிர் பிடித்தவர்கள் அல்ல, சட்டத்துக்குப் பயந்தவர்கள். வீட்டுக்குப் போகும் அவருக்கு அது தெரியாது.

அவர் என்ன குறையோடு வந்திருப்பார்? பெரும்பாலும் பன்றிகள். மனிதர் 32 லட்சமும் பன்றிகள் இரண்டு கோடிக்கு மேலும் இருக்கும் மாநிலம் இது. வீட்டுக்கு எதிரே கொட்டகை வருகிறது என்றால் நாற்றமும் தண்ணீரும் பற்றிப் பயம் வருவது இயல்பு. ஆனால் கால்நடைப் பண்ணைகளைத் தம் விதிகளால் கட்டுப்படுத்தக் கவுண்டிகளுக்கு அதிகாரம் இல்லை என்று 1998-இல் ஹம்போல்ட் கவுண்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2002-இல் சட்டமன்றம் ஆறுதலாக ஒரு மதிப்பெண் அட்டையைக் கொடுத்தது: 44 கேள்விகள், மொத்தம் 880 மதிப்பெண், 440 எடுத்தால் தேர்ச்சி. மதிப்பெண் போடும் உரிமை வேண்டுமானால் ஒவ்வொரு ஜனவரியிலும் குழு புதிதாகத் தீர்மானம் போட வேண்டும். மதிப்பெண் போட்ட பிறகும் அது பரிந்துரைதான். முடிவு மாநில இயற்கை வளத் துறையுடையது. அதுவும் ஓர் அளவுக்கு மேற்பட்ட பண்ணைக்கு மட்டும். கொழுக்க வைக்கும் பன்றியானால் 2,500. அந்த எண்ணிக்கைக்குச் சற்றுக் கீழே நிற்கும் கொட்டகைகளை அயோவாவில் நிறையப் பார்க்கலாம்.

அறை நிறைய ஆள் கூடி, இரவு வரை பேசி, கண்ணீர் விட்டு, கடைசியில் குழு ஒருமனதாக மறுத்தாலும், அந்த மறுப்புக்கு ஒரு தபால் தலையின் மதிப்புதான். மாநிலம் தன் மேல் விழ வேண்டிய கோபத்தைத் திறந்த கதவுள்ள இந்த அறைக்குத் திருப்பிவிட்டிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கார்பன் டை ஆக்சைடைக் கொண்டுசெல்லும் குழாய்த்தட விஷயத்திலும் இதுவே நடந்தது. ஷெல்பி, ஸ்டோரி கவுண்டிகள் வீடுகளிலிருந்து இத்தனை தூரம் தள்ளிப் போ என்று விதி போட்டன. 2023 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவற்றை முடக்கியது.

அதிகாரம் இருக்கும் இடத்திலோ யாரும் வருவதில்லை. வயல் நீரை வடிக்க அமைத்த 'வடிகால் மாவட்டங்களுக்கு'ப் பெரும்பாலும் இதே சூப்பர்வைசர்கள்தான் அறங்காவலர்கள். கூட்டத்தை நிறுத்திவிட்டு, அதே நாற்காலியில் அறங்காவலர்களாக மாறி, நிலத்தடி வடிகுழாய்களுக்கான வரியைப் பங்கிடுவார்கள். வயலில் இருந்து நைட்ரேட் ஆற்றில் இறங்குவது அந்தக் குழாய்கள் வழியாகத்தான். 2015-இல் டெமாயின் குடிநீர் வாரியம் சாக், பியூனா விஸ்டா, கால்ஹூன் கவுண்டிகளின் சூப்பர்வைசர்கள் மேல் வழக்குப் போட்டது இதற்காகவே. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. ஆற்று நீரின் நைட்ரேட் தீரவில்லை. அந்த வரிப் பங்கீட்டுப் பக்கத்தை எத்தனை பேர் பத்திரிகையில் புரட்டாமல் படித்திருப்பார்கள்?

ஆகவே வழக்கமாக எழும் இரண்டு தீர்ப்புகளும் எனக்கு ஒப்பவில்லை. வேர்மட்ட ஜனநாயகத்தின் கோயில் என்பதும் மிகை. பல்லில்லாத பாம்பு என்பதும் அவசரம். வாராந்திரச் சலிப்பு அப்படியே இருக்கட்டும். பில்லும் சரளையும் வெளிச்சத்தில் கிடப்பது நல்லது. மாற்ற வேண்டியது எண்ணிக்கை. மூன்றை ஐந்தாக்க மாநிலத்தின் கருணை வேண்டியதில்லை: குழுவே தீர்மானம் போடலாம், அல்லது முந்தைய பொதுத்தேர்தலில் அதிபர் அல்லது ஆளுநர் பதவிக்குப் பதிவான வாக்குகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாக்காளர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கலாம், பிறகு மக்கள் வாக்களிப்பார்கள். ஆனால் மனுவோடு வருபவரிடம் ஊரார் முதலில் கேட்பது, இன்னும் இரண்டு பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்றுதான். ஒரு கிரேடர் ஓட்டுநரைக் குறைக்கலாமா என்று யோசிக்கும் கவுண்டியில் அதற்குப் பதில் சொல்வது சுலபமில்லை.