நான், நாம், நாங்கள்

எபிரெய மொழியில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு சொற்கள் கிடையாது, இரண்டுக்கும் ஒன்றே. வேதத்தைத் தமிழாக்கியவர்கள் ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசித்துத்தான் ஒன்றை எடுத்திருக்க வேண்டும். அந்த உழைப்பைப் பார்க்கப் பழைய மொழிபெயர்ப்பில் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தை விரிக்கலாம். துன்பப்பட்ட ஒருவனின் ‘நான்’ என்று அது தொடங்குகிறது. 40ஆம் வசனத்தில், நம் நடத்தையை ஆராய்வோம் வாருங்கள் என்று ஊராரை அழைக்கும் ‘நாம்’ வருகிறது. 42இல் முகம் கடவுள் பக்கம் திரும்பிவிட, சொல் ‘நாங்கள்’ ஆகிறது. சபை கூடிச் செய்யும் பாவ அறிக்கையின் இலக்கணமே இந்த நகர்வுதான். மூலத்தில் மறைந்திருப்பது தமிழில் வெளியே தெரிகிறது.

அதே அதிகாரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடவுள் சொல் மாறாதவர் என்ற பேச்சு 22, 23ஆம் வசனங்களிலேயே வந்துவிடுகிறது. மனந்திரும்ப அழைப்பு அதற்குப் பிறகுதான். நாம் அழுததற்குக் கூலியாகக் கிடைப்பதல்ல அவருடைய உண்மை. அது முன்பே இருப்பதால்தான் அழவே துணிவு வருகிறது. இங்கே எபிரெயத்தில் வரும் ‘ஹெசெத்’ என்ற சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு ‘கிருபை’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘பேரன்பு’ என்கிறது. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. உடன்படிக்கை செய்தவர் கைவிடாமல் நிற்கும் அந்தப் பிடிவாதம் இரண்டிலும் சற்று நழுவுகிறது.

கூடி அறிக்கையிடும் மரபில் நெகேமியாவின் வழிக்கே நான் முதலிடம் தருவேன். ஏழாம் மாதம் 24ஆம் தேதி ஜனங்கள் இரட்டுடுத்தி, தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு கூடுகிறார்கள். பகலில் கால் பங்கு வேதவாசிப்பு, கால் பங்கு பாவ அறிக்கையும் பணிதலும். முன்னோர் செய்ததையும் தங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஒன்பதாம் அதிகாரத்தை மட்டும் தனியே எடுத்து வாசிப்பது நம் சபைகளின் வழக்கமான சறுக்கல். ஐந்தாம் அதிகாரத்திலேயே, கடனுக்காக ஏழைகளிடமிருந்து பிடுங்கிய நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் நூற்றுக்கு ஒன்று வட்டியையும் பெரிய மனிதர்கள் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கண்ணீருக்கு முன்னே பத்திரம் திரும்பியிருக்கிறது! ஏசாயா 58 இதைத்தான் உறைக்கச் சொல்கிறது: கூலியாளை நெருக்கிக்கொண்டு இருக்கும் உபவாசம் உபவாசமல்ல. யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளன்று, வயிறு காய்ந்திருக்கும் காலை வேளையிலேயே யூதர்கள் இந்தப் பகுதியை வாசிக்கிறார்கள்.

அந்த நாளின் அறிக்கையை ஒருவர் தனியாக நின்று சொன்னாலும் ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதன் குறுகிய வடிவம், நம் ஆத்திசூடிபோல, எழுத்து வரிசையில் அமைந்தது. புலம்பல் மூன்றாம் அதிகாரமும் அப்படித்தான்: 22 எழுத்து, எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். அந்த அறிக்கையைச் சொன்னவர்களின் தடம் சென்னையிலும் உண்டு. ராயப்பேட்டையை ஒட்டிய லாயிட்ஸ் சாலையில், இன்றைய அவ்வை சண்முகம் சாலையில், யூதர்களின் சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப் போன வணிகர்களின் காலத்துக் கற்களும் ஊருக்குள் இடம் மாறி மாறி இங்கே வந்து சேர்ந்தன. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் விதி. சென்னையில் இன்று அந்தப் பத்துக்கே பஞ்சம்.

கத்தோலிக்கர் தவக்காலத்தைத் திருநீற்றுப் புதனன்று யோவேல் தீர்க்கதரிசியின் எக்காளத்தோடு தொடங்குகிறார்கள். பால்குடிக் குழந்தை முதல் மணவறையில் இருக்கும் புதுப்பெண் வரை எல்லாரையும் கூட்டச் சொல்கிறது அந்த வாசகம். சைவத்தின் திருநீறு இங்கே எவ்வளவு இயல்பாக உட்கார்ந்துவிட்டது! ஆனால் கத்தோலிக்கர் சொல்லும் ‘மனமாற்றம்’ என்பதைவிடச் சீர்திருத்த சபையாரின் ‘மனந்திரும்புதல்’ மூலத்துக்கு நெருக்கம் என்பேன். எபிரெயத்தில் அந்த வினை ‘திரும்பு’ என்பதே. மனிதர் கடவுளிடம் திரும்புவதற்கும் கடவுள் மனிதரிடம் திரும்புவதற்கும் அந்த ஒரே வினைதான்.

ராயப்பேட்டைக்குச் சொந்தமானது மெதடிஸ்ட் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து 1817இல் சென்னை வந்த ஜேம்ஸ் லிஞ்ச், 1819இல் இங்கே ஆலயம் திறந்தார். ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை அந்த மரபின் சொத்து, புத்தாண்டையொட்டி நடப்பது. பக்கத்துக் கதீட்ரல் சாலையில் 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு நூலும் அதைச் சேர்த்துக்கொண்டது. அழகான ஆராதனைதான். ஆனால் வெஸ்லி வழியின் புகழ்பெற்ற அர்ப்பண ஜெபம் ‘நான்’ என்றே பேசும். இருநூறு பேர் ஒன்றாக நின்று ‘நான்’ என்பதும், ஒரே ஒருவர் தனித்து நின்று ‘நாங்கள்’ என்பதும் வேறு வேறு. முன்னது நெஞ்சைத் தொடும். வட்டியைத் திருப்பிக் கொடுக்க வைப்பது பின்னதுதான் என்பது என் எண்ணம்.

எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைக்கும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில், யூதர்கள் தரையில் அமர்ந்து புலம்பலை முழுவதும் வாசிப்பார்கள். கடவுள் எங்களை அடியோடு தள்ளிவிட்டாரோ என்ற அச்சத்தோடு புத்தகம் முடிகிறது. அதற்கு முந்தைய வசனம், எங்களை உம்மிடம் திருப்பும், நாங்கள் திரும்புவோம் என்ற மன்றாட்டு. கடைசி வசனத்தை வாசித்த பிறகு ஒரு வசனம் பின்னே போய், அந்த மன்றாட்டை இன்னொரு முறை உரக்கச் சொல்லிவிட்டே சுருளை மூடுகிறார்கள்.