நேரத்தைக் கட்டணமாகக் கேட்கும் முன்பள்ளி

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நியூசிலாந்தின் ஆண்கள் பலர் போர்முனையில் இருந்தனர். கைக்குழந்தைகளோடு வீட்டில் தனித்திருந்த தாய்மார்களுக்கு மூச்சுவிடச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. 1941இல் வெலிங்டன் நகரின் கரோரி பகுதிப் பெண்கள் சிலர் ஒன்றுகூடி, முறைவைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்தார்கள். ‘பிளேசென்டர்’ இயக்கம் அப்படித்தான் பிறந்தது. 1916இலேயே சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் 12 பேர் இதே போன்ற கூட்டுறவு முன்பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் நியூசிலாந்தில் அது நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது. 1948இல் இந்த மையங்களின் கூட்டமைப்பு உருவாகி, கல்வியாளர் குவென் சமர்செட் அதன் முதல் தலைவரானார். அரசின் நிதியும் பின்னர் வந்து சேர்ந்தது. பெற்றோரே நடத்தும் முன்பள்ளி எதைச் சாதிக்கும், எங்கே தடுமாறும் என்று எடைபோட இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது.

பிளேசென்டரில் பெற்றோர் வாடிக்கையாளர்கள் அல்லர். மையத்தை நடத்துபவர்களே அவர்கள்தாம். ஒவ்வோர் அமர்வும் சில மணி நேரம். முறை வந்த பெற்றோர் மணல்தொட்டி, தண்ணீர், களிமண், வண்ணம், மரக்கட்டைகள், தச்சுமேசை என்று விளையாட்டிடங்களை ஒழுங்கு செய்கிறார்கள். எதை விளையாடுவது என்பது குழந்தையின் விருப்பம். மிகச் சிறிய குழந்தைகளோடு பெற்றோரில் ஒருவர் உடனிருக்க வேண்டும். அமர்வு முடிந்ததும் கூட்டுவதும் கழுவுவதும் பெற்றோர்தான். கணக்கு எழுதுவது, பொருள் வாங்குவது, மானியத்துக்கு விண்ணப்பிப்பது, கூட்டம் நடத்துவது எல்லாம் அவர்களிடையே பகிரப்படுகின்றன. முடிவுகளை வாக்கெடுத்து அல்லாமல், பேசி எல்லோரும் உடன்பட்டே எடுக்கிறார்கள்.

இந்த முறையின் முதல் வலிமை, பெற்றோருக்கும் அது பள்ளியாக இருப்பது. குழந்தை வளர்ச்சி, விளையாட்டின் பயன், குழுவாக இயங்குவது ஆகியவற்றில் பெற்றோருக்குத் தொடக்கக் காலத்திலிருந்தே பயிற்சி வகுப்புகள் உண்டு. பாடத்தைப் படித்தவர் மறுநாளே தம் குழந்தையோடும் பத்துப் பிள்ளைகளோடும் அதைச் செய்து பார்க்கிறார். தன் மகனின் பிடிவாதம் அவனுக்கு மட்டுமே உரிய குறை அன்று, அந்த வயதின் இயல்பு என்பதை அருகில் நிற்கும் இன்னொரு மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் தெரிந்துகொள்கிறார். எந்த ஆலோசனை நூலும் இவ்வளவு விரைவாக அந்த அச்சத்தைப் போக்காது. குழந்தைக்காக வந்த பெண்கள் பலர் அங்கே கூட்டம் நடத்தவும் பொறுப்பேற்கவும் பழகினார்கள் என்பது இயக்கத்தின் பெரிய சாதனை.

இரண்டாவது வலிமை குழந்தையின் பக்கம் இருக்கிறது. ஓர் ஆசிரியரின் பார்வையில் பல குழந்தைகள் என்பதற்கு மாறாக, சில குழந்தைகளைச் சுற்றிப் பல பெரியவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தையும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே முற்றத்தில் புழங்குகின்றன. சின்னவனுக்கு வழிவிடப் பெரியவனும், பெரியவனைப் பார்த்துச் செய்யச் சின்னவனும் கற்கிறார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே சுவர் இல்லாததால் பிரிவின் அழுகையும் குறைகிறது.

குறைகளைப் பார்ப்போம். தாய்மார்களுக்கு நேரம் தருவதற்காகத் தோன்றிய அமைப்பு, இன்று அவர்களிடம் நேரத்தையே கட்டணமாகக் கேட்கிறது. பணமாகக் கட்ட வேண்டியது குறைவு என்பதால் இது ஏழைகளுக்கு ஏற்றது என்று தோன்றலாம். ஆனால் பகலில் கடையிலோ தொழிற்சாலையிலோ நிற்கும் தாய்க்கும், தனியாகக் குழந்தை வளர்க்கும் தந்தைக்கும் வாரத்தில் ஒரு முற்பகலை ஒதுக்குவது பணத்தைவிட அரிது. பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சென்றபோது முழுநாள் காப்பகங்கள் பெருகின, பிளேசென்டர்கள் சுருங்கின. அரசும் இந்தச் சாய்வைக் கூட்டியது. 2007இல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 20 மணி நேரக் கல்விச் செலவை ஏற்கும் திட்டம் வந்தபோது, முதலில் அது பிளேசென்டர்களுக்குக் கிடைக்கவில்லை. 2010இல்தான் அவை சேர்க்கப்பட்டன. பெற்றோரின் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் அதைக் கல்வியாகக் கணக்கில் எடுக்கத் தயங்கினார்கள் என்றே இதைப் படிக்கிறேன்.

அடுத்த குறை, அனுபவம் தங்காமல் போவது. நியூசிலாந்தில் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயது நிரம்பியதும் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். குழந்தையோடு பெற்றோரும் போகிறார்கள். நன்றாகக் கணக்கு வைத்தவரும், சண்டையைத் தீர்த்துவைக்கத் தெரிந்தவரும் விடைபெற, புதியவர்கள் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டும். எல்லோரும் உடன்பட்டே முடிவு என்ற நெறி, நேரமும் பேச்சுத்திறனும் உள்ளவர்களின் கையைத் தானாக வலுப்படுத்தும். தட்டிக்கேட்கக் கூசும் பெண், உடன்படாமலே உடன்பட்டவராகிவிடுவார். பேச்சுத் தாமதம் போன்ற சிக்கல் உள்ள குழந்தையை அடையாளம் காண அன்பும் அடிப்படைப் பயிற்சியும் மட்டும் போதா; தேர்ந்த கண் வேண்டும்.

இதைச் சொல்லி, பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. ஆசிரியரின் தேர்ச்சி குழந்தைக்குப் பயன்படும். ஆனால் பெற்றோரைத் தேர்ச்சி உள்ளவராக்கும் வேலையை ஆசிரியர் மட்டும் நடத்தும் பள்ளி செய்வதில்லை. குழந்தை ஆசிரியரிடம் இருப்பது சில ஆண்டுகள், பெற்றோரிடம் இருப்பது வளரும் காலம் முழுவதும். 1982இல் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தம் மொழியைக் காக்கத் தொடங்கிய ‘கோஹங்கா ரெயோ’ மழலையர் மையங்களும் குடும்பத்தையே நடத்துநராக வைத்தன. குழந்தை மையத்தில் கேட்கும் மொழி வீட்டிலும் ஒலித்தால்தான் நிலைக்கும்.

ஆகவே பெற்றோர் பங்கேற்பைக் கைவிடுவது தீர்வன்று. அதன் விலையைக் குறைப்பதே தீர்வு. கணக்கும் துப்புரவும் ஊதியம் பெறும் பணியாளரிடம் போகட்டும். நிலையான, பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ஒவ்வொரு மையத்திலும் இருக்கட்டும். பாட்டியோ சித்தப்பாவோ முறைக்கு வந்தாலும், வேலைக்குப் போகும் தாய் மாலையில் ஒரு பணியைச் செய்தாலும் அது முழுப் பங்காக ஏற்கப்படட்டும். முறைக்கு வரும் நேரத்துக்கு அரசு ஈடு கொடுக்கட்டும். குழந்தையோடு தரையில் அமரும் அந்தச் சில மணி நேரத்தை மட்டும் பெற்றோர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூட்டுறவு முன்பள்ளி தரும் எல்லா நன்மையும் அங்கிருந்துதான் வருகிறது.