பிளேம் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

லினக்ஸ் கணினி பூட் ஆகத் தாமதித்தால் பலரும் முதலில் தட்டும் கமாண்ட் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்'. ஒவ்வொரு சர்வீஸும் தொடங்க எடுத்த நேரத்தை, அதிகம் எடுத்தது மேலே வரும்படி அது அடுக்கிக் காட்டும். தனிக் கருவி எதையும் நிறுவ வேண்டாம். பூட் முடிந்த பிறகும் கேட்கலாம். முதல் பார்வைக்கு இதைவிட எளிய வழி இல்லை.

கோளாறு பெயரிலேயே தொடங்குகிறது. 'பிளேம்' என்றால் பழி. ஆனால் நேரம் எடுத்ததெல்லாம் மற்றவற்றைத் தடுத்ததாகாது. சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அவற்றை முடிந்தவரை ஒரே சமயத்தில் கிளப்பிவிடுகிறது. மேசைக் கணினிகளில் அடிக்கடி உச்சியில் நிற்பது நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன். இணைப்பு வரும்வரை காத்திருப்பதே அதன் வேலை. லாகினுக்கு முன் முடியவேண்டியவை எதுவும் அதை எதிர்பார்க்கவில்லையென்றால் லாகின் திரை அதற்காக நிற்காது. எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு என்எஃப்எஸ் மவுன்ட் சாதாரணமாக எழுதப்பட்டிருந்தால் கதை வேறு: மவுன்ட் இணைப்புக்காகவும், லாகின் அனுமதி மவுன்டுக்காகவும் காத்துக் கிடக்கும். இரண்டு கணினியிலும் பட்டியலின் முதல் வரி ஒன்றேதான். அதைப் பார்த்ததும் 'டிசேபிள்' போடுவது முதல் கணினியில் வீண்வேலை, இரண்டாவதில் வம்பு.

பட்டியலுக்குத் தெரியாதவையும் உண்டு. 'சிம்பிள்' வகை சர்வீஸ் கிளம்பிய கணமே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. உள்ளே அது நாற்பது வினாடி தரவு ஏற்றினாலும் பட்டியலில் வராது. மாறாக, பூட் முடிந்தபின் டைமர் கிளப்பியவை வந்து கலக்கும். கழற்றிய டிஸ்கின் யுயுஐடி எஃப்எஸ்டேப்பில் மிஞ்சியிருந்தால் வழக்கமாக 90 வினாடி போகும். அதை நேராகச் சொல்வது ஜர்னல் லாக்தான். 2018-இல் கெர்னலின் ரேண்டம் எண் பகுதி திருத்தப்பட்டபோது சில கணினிகளில் எஸ்எஸ்எச் தொடங்கத் தாமதித்தது. கீபோர்டைத் தட்டினால் விரைந்தது. குறை எஸ்எஸ்எச்சில் இல்லை; ரேண்டம் எண் தயாராகவே அது காத்திருந்தது, கீபோர்டு தட்டல்கள் அதற்கு உதவின.

அதே கருவியின் 'கிரிட்டிகல்-செயின்' கமாண்ட் பிளேம் பட்டியலுக்கு மாற்று. யார் யாருக்காக நின்றார்கள் என்பதைச் சங்கிலியாகக் காட்டும்: '@' குறிக்குப் பின் தயாரான நேரம், '+' குறிக்குப் பின் எடுத்த நேரம். இதுவும் முழு உண்மையல்ல. சாக்கெட் வழியே கிளம்பும் சர்வீஸ்களின் காத்திருப்பு இதில் சரியாகத் தெரியாது. 'பிளாட்' வரையும் படம் நீளமானது, பொறுமை கேட்பது. இணையாக ஓடியவற்றை அருகருகே பார்க்க அதுவே நம்பகமானது.

வெறும் 'சிஸ்டம்டி-அனலைஸ்' தரும் முதல் வரியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். யுஇஎஃப்ஐ கணினியில் ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், யூசர்ஸ்பேஸ் என நேரத்தை அது பிரித்துக் காட்டும். ஃபர்ம்வேரே இருபது வினாடி தின்றிருந்தால் சர்வீஸ் பட்டியலைப் புரட்டத் தேவையே இல்லை.